சேராமல் தட்ட வேண்டிய இடம்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கோழி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள் யுஸ்தினா.

"கடைசி நேரத்துல உன்னைக் கூப்பிட்டானா?" என்றாள் ஸ்டெஃபா அத்தை.

"இல்ல அத்தை. ரெக்கார்டு கேட்டுட்டிருந்தார்."

"பூனை கழுத்த நெரிக்கிற அந்தச் சத்தத்தையா? சாகறப்பவுமா!"

யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்திருப்பார். கிராக்கோவ் நகர இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவை வாசித்தவர். படுக்கையில் விழுந்த பிறகு, இளமையில் அவர்கள் பதிவுசெய்த அந்த ஓர் இசைத்தட்டைத்தான் தினமும் கேட்டார். மெட்டு கிடையாது. கிறீச்சிடல், மூச்சிரைப்பு, பிறகு வாத்தியங்களின் மரத்தை விரல்களால் தட்டும் ஓசை. யுஸ்தினா அதைக் காதில் வாங்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

அவர் இறந்த செவ்வாய் மதியமும் அதைச் சுழலவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தட்டும் ஓசை கேட்டது. சீராக, விட்டு விட்டு. அந்த இடம் வந்துவிட்டது, இனிச் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அடுத்த கிழங்கை எடுத்தாள். போய்ப் பார்த்தபோது இசைத்தட்டு முடிந்து வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை கட்டிலின் தலைப்பலகைமேல் சாய்ந்திருந்தது.

அதன்பின் அதைப் போட்டுக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"போக்டான், போடுய்யா. அவனுக்காக அந்த ரெக்கார்ட ஒரு தடவை கேட்டுத் தொலைப்போம்," என்றாள் அத்தை.

அப்பாவின் பக்கத்து நாற்காலியில் வாசித்த போக்டான், அவள் தடுக்குமுன் அப்பாவின் அறையிலிருந்து இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்கி வந்து, கதவைக் காலால் சாத்தினார். ஊசி இறங்கியது.

"இந்த இடந்தான். எல்லாரும் வயோலாவத் தட்டணும், ஆனா ஒண்ணா சேரக் கூடாது. பழக்கதோஷம், கை தானா தாளத்துக்குப் போயிடும். உங்கப்பன்தாம்மா ரொம்ப மோசம். கடிகாரம் மாதிரி டொக்... டொக்... கடைசியில, நீ மட்டும் தட்டாம சும்மா இருய்யான்னுட்டாங்க."

"அப்ப இதுல அவர் தட்டலையா?"

"ஒண்ணு கூட இல்ல."

தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல், ஒன்றோடொன்று சேராமல், ஓசை கொட்டியது. செவ்வாய் மதியம் அவள் கேட்டது இப்படி இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரசம் ஆறுதுடி," என்றாள் அத்தை.

யுஸ்தினா எழுந்துபோய் அப்பாவின் அறைக் கதவைத் திறந்தாள். உறை உருவிய மெத்தை. கதவு மறுபடி சாத்திக்கொள்ளப் பார்த்தது. சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்துவிட்டு, கிண்ணங்களை எடுக்கப் போனாள்.