இடது வாய் நத்தை

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு திமிங்கல எலும்புக்கூடு தொங்குகிறது. வருகிற கூட்டமெல்லாம் அதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடும். நாலாவது மாடியில் கடல் நத்தைகளும் சிப்பிகளுமாக இருபதாயிரம் ஓடுகள் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு லிஃப்ட் ஓடாது என்பதும் தெரியும்.

அந்த மாடியை இருபத்தாறு வருடமாகக் கட்டிக் காத்தவளை எல்லோரும் சிப்பியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று. இரும்பு அலமாரிகளில் வரிசையாக இழுப்பறைகள், இழுப்பறைக்குள் சின்னச் சின்ன அட்டைத் தட்டுகள், தட்டுக்கு ஒரு ஓடு, ஓட்டுக்கு ஒரு சீட்டு. எந்தக் கடல், எத்தனை ஆழம், யார் எடுத்தது, எந்தத் தேதி என்று சீட்டில் இருக்கும். சீட்டு தொலைந்த ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது, அலமாரி மேல் அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான். தினமும் சில இழுப்பறைகளைத் திறப்பாள், ஓட்டையும் சீட்டையும் ஒத்துப் பார்ப்பாள், மூடுவாள். யாரோடும் பேச வேண்டாத வேலை என்றுதான் இளம் வயதில் ஆசைப்பட்டுச் சேர்ந்தாள். ஆசைப்பட்டது கிடைத்தது. இவ்வளவு கிடைக்கும் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா போனபிறகு அவளும் மின்விசிறியும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணி போன் செய்வாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

அதற்குமேல் இரண்டு பக்கமும் சரக்கு கிடையாது. ஒரு நிமிஷம் பத்து வினாடி. அண்ணி கெட்டவள் இல்லை. கடமைக்குக் கேட்டாலும் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

மாடியில் அவள் மேசைக்கு எதிரே, பார்வையாளருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பதினோரு மாதத்தில் அதைப் பயன்படுத்திய ஒரே மனிதன் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய வந்தவன். அவனும் உட்காரவில்லை, அதன்மேல் ஏறி நின்றான்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. ஓடுகளின் படங்களைப் போன வருடம் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். தூரத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். "அம்மா, உங்கள் 214ஆம் இழுப்பறையில் ஏழாவது நத்தைக்கு வாய் இடப்பக்கம் இருக்கிறது. கவனித்தீர்களா?"

நத்தை ஓட்டை நுனி மேலே, வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால், அநேகமாக எல்லா நத்தைக்கும் வாய் வலப்பக்கம்தான் வரும். வலம்புரி, இடம்புரி என்று சங்குக்குத்தான் ஆயிரம் கதை. இது சங்கு அல்ல, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்பு நத்தை. இதற்குக் கதை கிடையாது. நாற்பது வருடத்தில் இந்த ஒரு இனத்தில் மட்டும் எண்பதாயிரம் ஓடுகளைப் பார்த்திருக்கிறாராம் பேராசிரியர். ஒன்றுக்குக்கூட இடப்பக்கம் வாய் இருந்ததில்லையாம்.

சிப்பியக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. 214ஐ இழுத்தாள். ஏழாவது தட்டு. நத்தையை எடுத்து நுனியை மேலே பிடித்தாள்.

வாய் வலப்பக்கம் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வலப்பக்கம்தான். நத்தை என்ன, ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் பேசுமா?

படம் எடுத்தவனைப் போனில் பிடித்தாள்.

"ஆமாக்கா, அந்த ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அப்புறமா தனியா எடுத்தேன்ல? அன்னிக்கு மேசைய நகத்திப் போட்டிருந்தாங்க. வெளிச்சம் வலப்பக்கத்துலேருந்து விழுந்துச்சு. நீங்கதான சொல்லுவீங்க, ஓட்டுக்கு எப்பவும் இடப்பக்கம் மேலேருந்துதான் வெளிச்சம் விழணும், அதுதான் வழக்கம்னு? அதான் படத்தத் திருப்பிப் போட்டுட்டேன். ஒரு பட்டன் வேலை."

"சீட்டு திரும்பலையே?"

"சீட்டு முன்னாடியே எடுத்ததுக்கா. ஒட்டிவிட்டேன். ஏன், ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. வைக்கிறேன்."

அவனைத் திட்டி என்ன செய்ய? அந்தப் படத்துக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதியிருந்தது அவள். பார்க்காமலே எழுதியிருந்தாள்.

'மன்னிக்கவும், படம் தவறு' என்று மூன்று வார்த்தை அடித்தால் முடிந்தது. அடிக்கத்தான் உட்கார்ந்தாள். அதற்குள் அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. நத்தையின் உயரம் எவ்வளவு, நுனி உடையாமல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "அந்தப் பிரிவில் நீங்கள் ஒருவர்தானா? நானும் தனி அறையில்தான் வேலை பார்த்தேன். ஓடுகளோடு பேசுவேன். நீங்கள் பேசுவதுண்டா?"

சிப்பியக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. உயரம் முப்பத்தோரு மில்லிமீட்டர் என்று அளந்து எழுதினாள். நுனி நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். "பேசுவதுண்டு. எதிர்த்துப் பேசாததால் இதுவரை சண்டை வந்ததில்லை" என்று எழுதினாள். வாயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த 'நாளை' வராமலே மூன்று வாரம் ஓடியது. தினமும் ஒரு கடிதம் வந்தது, தினமும் ஒன்று போனது. தன் மகள் உப்பில்லாமல் சமைப்பதைப் பற்றி அவர் எழுதினார். ஜன்னலில் முட்டையிட்ட புறாவைப் பற்றி இவள் எழுதினாள். அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி, அண்ணனிடம்கூடச் சொல்லாததை, ஒரு மதியம் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டாள். அடுத்த நாள் அவர் நாலு பக்கம் பதில் எழுதியிருந்தார். காலையில் வேலைக்கு அரை மணி முன்னதாகவே வர ஆரம்பித்தாள்.

"என்னக்கா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா? படியேறும்போது பாட்டெல்லாம் கேக்குது!" என்றார் வாசல் காவலாளி.

"ஒங்களுக்குக் காதுல கோளாறு. போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. "பத்தாம் தேதி எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதற்குப்பின் மூன்று மாதம் எங்கும் போகக் கூடாதாம். தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன். முழங்கால் காத்திருக்கும், எழுபத்திரண்டு வயது காத்திருக்குமா? அந்த நத்தையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும் எனக்கு. வியாழன் காலை வருகிறேன்."

உடனே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி அடித்தாள். வெளிச்சம், திருப்பிய படம், தான் பார்க்காமல் ஒப்புக்கொண்டது, எல்லாம். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். எழுதியதை அழித்தாள். "வாருங்கள். மதியச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்" என்று அனுப்பிவிட்டு, "பாவி, பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அனுப்பியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யாவது இருந்திருந்தால் கொஞ்சம் வெட்கமாவது பட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை அவர் வந்தார். காவலாளி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, தடியை ஊன்றி ஊன்றி எண்பத்தெட்டுப் படி ஏறினார். மேலே வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. முகம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"நீங்கதானா? கடிதத்துல இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தீங்களே!"

"ஒக்காருங்க ஐயா. தண்ணி குடிங்க."

"தண்ணி எங்க ஓடிடப் போகுது? மொதல்ல அது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இழுப்பறையை முழுசாக உருவி மேசைமேல் வைத்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது தட்டிலிருந்து நத்தையை எடுத்தார். நுனி மேலே, வாய் தன் பக்கம். பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஆறாவதையும் எட்டாவதையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஏழாவதை எடுத்தார்.

"வலது" என்றார்.

"ஆமாங்க." மேசையை நகர்த்தியதையும் படத்தைத் திருப்பியதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவள் எதிர்பார்க்கவே இல்லை, அவர் சிரித்தார். "வெளிச்சத்துக்காகத் திருப்பிட்டானா! இந்தத் தொழில்ல இருக்கறவனாலதான் இப்படி ஒரு தப்புப் பண்ண முடியும். சரி, போகட்டும். என் தலையெழுத்து." நத்தையை மெதுவாகத் தட்டில் வைத்தார். "பாவம், ஒங்களுக்கும் ஏமாத்தம்தான். நீங்களும் இப்பதான பாக்கறீங்க?"

கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடலாம், படம் எடுத்தவனைச் சேர்ந்து திட்டலாம், நாளைக்கும் கடிதம் வரும். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளை அந்த முகம் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை.

"இல்லங்க" என்றாள். "மொத நாளே தெரியும்."

"மொத நாள்னா?"

"நீங்க எழுதின அன்னிக்கே. பத்து நிமிஷத்துல எடுத்துப் பாத்துட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. "அப்ப ஏம்மா ஒரு வரி எழுதல?"

"எழுதியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

ஐயோ அப்படியில்லம்மா, வந்திருப்பேன் என்று அவர் சொல்லிவிடுவார் என ஒரு நப்பாசை இருந்தது அவளுக்கு. அவர் யோசித்தார். நாற்பது வருடம் ஓடுகளைப் பார்த்து உள்ளதை மட்டும் எழுதிய மனிதர்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார். "ஆபரேஷனத் தள்ளிப் போட்டேன்மா. மகளோட சண்டை போட்டுட்டு வந்தேன்."

"தெரியும்ங்க. தப்புதான். இங்க வந்து ஒக்காந்து பேச யாருமே இல்ல, அதான்."

அவர் தடியை எடுத்தார்.

"சாப்ட்டுட்டுப் போங்க ஐயா."

"பசிக்கல."

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்பது முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. காவலாளி கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்காது. பேராசிரியர் தடியை ஒரு படி கீழே ஊன்றினார், காலை எடுக்க முடியவில்லை. சிப்பியக்கா பையை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி, அவர் பக்கத்தில் நின்றாள்.

"தோளப் புடிச்சுக்குங்க."

தயங்கினார். வேறு வழியில்லை. பிடித்தார். அவருடைய பாரம் முழுதும் அவள் வலது தோளில் இறங்கியது.

அவளைக் கடைசியாக ஒருவர் தொட்டது எப்போது என்று யோசித்தாள். பல் வைத்தியர். போன வருடம், அதுவும் உறை போட்ட கையால். இந்தக் கை கோபமான கை, வேறு கதியில்லாமல் பிடித்த கை. ஆனாலும் சூடாக இருந்தது. எண்பத்தெட்டுப் படியும் எண்ணூறு படியாக இருந்தால் என்ன என்று நினைத்தாள். கொஞ்சம் மெதுவாக இறங்கினால் அவருக்குத் தெரியப் போவதில்லை, அவருக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வார். மூன்று வாரம் திருடியது போதும் என்று தோன்றியது. அவர் கால் எவ்வளவு வேகமாகப் போனதோ அவ்வளவு வேகத்தில் இறங்கினாள், ஒரு படிகூடத் தாமதிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். நிற்கும்போதும் கையை எடுக்கவில்லை.

கீழே திமிங்கலத்தைச் சுற்றிப் பிள்ளைகளின் இரைச்சல். வாசலில் வண்டி வந்து நின்றது. கையை எடுத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, இறங்க ஆரம்பித்தபின் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"நத்தைய விடுங்க. ஒங்க அப்பா, அந்தப் புறா, எழுதினீங்களே, அதெல்லாமாவது நெஜமா?"

"அதெல்லாம் நெஜம்ங்க. சத்தியமா."

"இருக்கலாம்" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்து காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். "போறேன்மா."

வரேன் என்று சொல்லவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு அவள் மேலே ஏறினாள். இணையத்தில் இருந்த படத்தைத் திருப்பிச் சரியாகப் போட்டாள், திருத்திய தேதியை எழுதினாள், இழுப்பறையை அலமாரியில் வைத்துத் தள்ளி மூடினாள். மூடும்போது வலது தோள் சுரீரென்றது. எழுபத்திரண்டு வயசு மனிதர் எண்பத்தெட்டுப் படிக்கு அழுத்திப் பிடித்த பிடி. தைலம் தேய்த்தால் காலையில் சரியாகிவிடும். வீட்டில் தைலம் இருந்தது. தேய்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.