படையலில் வைத்த கம்ப்யூட்டர்

இப்போதெல்லாம் கடைக்காரன் எவனும் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. சாமானைப் பார்க்கிறான், போனைப் பார்க்கிறான், "நாளைக்கு வாங்க" என்கிறான். கடலூரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவன் நான் கொண்டுபோன கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. இன்னொருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசினான். எனக்குப் பதில் சொல்கிறானா, வேறு எவனுக்கோ சொல்கிறானா என்றே விளங்கவில்லை. அதனால்தான் என் மகன் அறிவழகன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய சிதம்பரம் கடைக்கே போவோம் என்று, பெட்டியைப் பழைய வேட்டியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அறிவழகன் செத்து இருபத்திரண்டு நாள். ஆலப்பாக்கம் அருகே லாரி அடித்துவிட்டது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அவனும் அவன் பெண்டாட்டி கயல்விழியும் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு கேம் ஆடுவார்கள். சுடுவது, வெட்டுவது இல்லை. காட்டைத் திருத்தி வீடு கட்டுவது. இரண்டு வருஷமாகக் கட்டினார்கள். நிஜ வீட்டில் ஒரு ரூம் கூடப் போட வக்கில்லை, அதில் மாடி எடுத்திருந்தார்கள். பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கருமாதியன்று அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தோம். சட்டை, வாட்ச், பரோட்டா. "கம்ப்யூட்டர உட்டுட்டீங்களே" என்றான் என் மச்சான் பழனிவேல். ஐயர் வேறு அவசரப்படுத்தினார். ஓடிப் போய் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அப்போது அந்தக் கேம் ஓடிக்கொண்டிருந்தது. கயல்விழிதான் திறந்து வைத்திருந்தாள். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பெட்டியை இலைக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் மாட்டினால் மற்றதெல்லாம் வருகிறது, கேமைத் திறந்தால் மட்டும் திரை கறுப்பு. பாட்டு கேட்கிறது, படம் இல்லை. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த வீட்ட ஒரு தடவ பாத்துட்டா போதும் மாமா" என்கிறாள்.

கடை மேல வீதியில். கடைக்காரன் பெயர் செந்தமிழ்செல்வன்.

"என்னா பெரியவரே, சந்தனம் பூசியிருக்கு? ஆயுத பூசைக்கு இன்னும் நாள் இருக்கே."

"படையல்ல வச்சோம். இத வாங்குனவன் போயிட்டான்."

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஓடிட்டிருக்கும்போது ஒயர புடுங்குனீங்களா?"

"இல்ல."

பொய்தான். நம் பேரில் தப்பு என்று தெரிந்தால் இவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள்.

பெட்டியைக் கடைத் திரையோடு மாட்டிக் கேமைத் திறந்தான், கறுப்பு. ஒயரை வேறு ஓட்டையில் செருகினான். கறுப்பு. படம் காட்டுகிற கார்டுக்கு என்று நெட்டிலிருந்து எதையோ இறக்கினான். கறுப்பு. முழுத் திரை வேண்டாமென்று சின்னக் கட்டமாகத் திறந்தான்.

"மொதல்ல பெரிய கறுப்பு, இப்ப சின்ன கறுப்பு" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க பெரியவரே." கன்னத்தைச் சொறிந்தான். "கேம் பைலு கெட்டிருக்கு. மொத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போடணும். ஆனா அவங்க கட்டுன வீடும் அதே போல்டர்லதான் கெடக்கு. மொதல்ல அத ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சிக்கிறேன். பெட்டியில எடமில்ல, ரொம்பிக் கெடக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் சொருவாத. உள்ள என் மருமவ போட்டோ இருக்கு, கல்யாண வீடியோ இருக்கு. நீ எத எடுத்துக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேம் மட்டும்தான் எடுப்பேன். பக்கத்துல நின்னு பாருங்களேன்."

"பாத்தா எனக்கு என்னா தெரியும்? எல்லாம் இங்கிலீசு."

"காப்பி இல்லாம அழிச்சா வீடு போயிடும். உங்க மருமவள ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

"அவ சின்னப் பொண்ணு. நான் சொல்றேன், செய்யி."

"அப்புறம் என்ன கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் செய்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவன் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

படம் வந்தது. பச்சைப்பசேலென்று புல், ஒரு ஆறு, வெயில். உடனே கயல்விழிக்குப் போன் போட்டேன்.

"படம் வந்துடுச்சிம்மா."

"வீடு தெரியுதா மாமா? வாசல்ல நாய் ஒண்ணு நிக்கும். மாடியில ரெண்டு நாற்காலி."

செந்தமிழ்செல்வன் அப்படியும் இப்படியும் நடத்திக் காட்டினான். மரம், தண்ணீர், மறுபடியும் மரம். "புதுசாத்தான் ஆரம்பிக்குது" என்றான் மெதுவாக.

"மாமா? சொல்லுங்க மாமா."

"காடாத்தான் கெடக்கு."

"காப்பி எடுக்கவான்னு அவுங்க கேக்கலியா?" என்றாள்.

"யாரும் ஒண்ணும் கேக்கல."

கடைக்காரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

"எங்க போயிருக்கும்? பெட்டிக்குள்ளதான இருந்துச்சி. நல்லாத் தேடு" என்றேன்.

"தேடிட்டேன்யா. அதும் மேலயே புதுசு ஏறிடுச்சி. வராது."

"நீ எங்கியாவது ஒளிச்சி வச்சிருப்ப."

அவன் சண்டைக்கு வரவில்லை. வேட்டியை விரித்து, பெட்டியை அவனே நாலு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தான். தப்பு செய்யாதவன் எதற்கு அவ்வளவு பணிவாகக் கட்டிக் கொடுக்கிறான்?

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். வரும்போது இருந்த அதே கனம். இரண்டு வருஷம் கட்டிய வீடு போயிருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா? அவன் சொன்னதை நான் நம்பவில்லை. தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.