கம்பியில் தொங்கும் சப்பாத்தி

ஓவனுக்குள் இரண்டு கம்பிகளின் மேல் கவிழ்ந்து தொங்குகிறது மைதாச் சப்பாத்தி, கீழே பிளந்த வாய், எதையோ சொல்ல வந்து மறந்துவிட்டதுபோல், சூட்டில் ஓரங்கள் மெல்ல விறைக்கின்றன, கண்ணாடிக் கதவின் முன் குந்தியிருக்கும் என் முகமும் அதன்மேல் படிந்து தெரிகிறது, ஸ்ரீபெரும்புதூரில் காலை ஷிப்டு பேருந்துகள் திரும்பும் நேரம், ஒன்றிலிருந்து என் மனைவி நப்பின்னை இறங்கி வருவாள், இல்லை, அது போன வருஷம், இப்போது அவள் சாப்பாட்டு மேசையில் தலையில் பருத்தித் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறாள், கார் தொழிற்சாலையில் கொரிய அதிகாரிகளுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், அவங்க திட்டுறதுல பாதியத்தாங்க தமிழ்ல சொல்லுவேன், பாவம், புள்ளைங்க மனசு ஒடஞ்சிரும் என்பாள், அங்கே விழுங்கியதையெல்லாம் என் சமையலின் மீது வந்து இறக்குவாள், சாம்பாரா இது, புளி கரைச்ச பாத்திரம் கழுவுன தண்ணியா, நான் சிரிப்பேன், ஒருநாள் யாரோ அதிகாரியின் பிரிவு விருந்திலிருந்து விறைத்த சப்பாத்தி மடிப்புக்குள் கறி அடைத்த டாக்கோ ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து பாதியை என் வாயில் திணித்தாள், கொரிய மிளகாய்ப் பசையில் புரட்டிய கோழி, மேலே வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ், நல்லாருக்குல்ல, ஆனா பூண்டு பத்தல, பிறகு மருத்துவமனை வந்தது, சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்து வந்தது, கட்டியைக் கரைத்த மருந்து நாக்கையும் மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டது, ருசி திரும்ப வரும்மா, எப்பன்னு சொல்ல முடியாது என்றார் மருத்துவர், அன்றிலிருந்து எதை வைத்தாலும் நல்லாருக்குங்க என்கிறாள், உப்புப் போட மறந்த ரசத்துக்கும் நல்லாருக்குங்க, அதைக் கேட்டுவிட்டு நான் மாடிப்படியில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதுபோல் எனக்கும் பாதியைத்தான் சொல்கிறாள்.

வாணலியில் சிவப்புப் பசை குமிழ்விடுகிறது, சோயா சாஸ், சர்க்கரை, நல்லெண்ணெய், பூண்டு தாராளமாக, கை தன்பாட்டுக்கு டப்பாக்களுக்குள் போய் வருகிறது, மனசு இன்னும் அந்த மாடிப்படியிலேயே இருக்கிறது, கோழித் துண்டுகளைப் புரட்டி, விறைத்த சப்பாத்தியில் நிரப்பி, கோஸைத் தூவி அவள் முன் வைக்கிறேன், எப்படி இருக்கு என்று கேட்டுவிடக் கூடாதென்று டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன், அவள் கடிக்கிறாள், நொறுங்கும் சத்தம், மெல்லும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, வரப்போகிறது அந்த நல்லாருக்குங்க, டம்ளர் நிரம்பி வழிகிறது.

ஏங்க, இதுல பெருங்காயமா போட்டீங்க. இல்லையே என்கிறேன். பொய் சொல்லாதீங்க, தூக்கலா அடிக்குது, எவனாவது கொரியாச் சமையல்ல பெருங்காயம் போடுவானா, எங்க மேனேஜர் பாத்தாருன்னா அழுதிருவாரு, சாம்பார் வைக்கிற கை, எதுல விட்டாலும் அதத்தான் போடும். சமையலறைக்குள் ஓடுகிறேன், அடுப்போரம் மூடி திறந்தபடி பெருங்காய டப்பா, விரல்களை முகர்கிறேன், ஆமாம், ஆமாம், வெளியே வசவு சட்டென்று நின்றுவிடுகிறது, அவளுக்கும் இப்போதுதான் தெரிந்திருக்கிறது, பிறகு இன்னொரு முறை நொறுங்கும் சத்தம், இனிப்பும் ஜாஸ்திங்க என்கிறாள், குரல் உடைந்து, முழுசாச் சொல்லு என்கிறேன், சொல்றேன், மொதல்ல இன்னொண்ணு கொண்டாங்க, பெருங்காயம் இல்லாம.

அடுத்த சப்பாத்தியைக் கம்பிகளின் மேல் தொங்கவிட்டுக் கண்ணாடியின் முன் குந்துகிறேன், கீழே பிளந்த அதன் வாய், மூச்சுவிடாமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.