வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வரைபடத்தை நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். கூடத்தை இரண்டாகத் தடுக்கும் ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு. சுவருக்கு அந்தப் பக்கம், தோல் பை தைக்கும் வீட்டம்மாவின் பட்டறை. தாழ்ப்பாள் இந்தப் பக்கம்.

"இது மாறி வந்துருச்சு சார். தாழ்ப்பாள் உள்ளே இருக்கணும்."

"மாறல மேஸ்திரி. தைக்க உக்காந்தா இவளுக்கு உலகமே தெரியாது. நாலு பேர் வந்துபோற வீடு. சாத்திட்டா நிம்மதி."

"யாருக்கு சார்?"

வீட்டுக்காரர் சிரித்தார். "உங்களுக்கு வாய் ஜாஸ்தி."

அந்தம்மா நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பைகளைக் கடைக்கு அவரே தூக்கிப் போவார். இப்போது ஆள் வந்து வாங்கிப்போகிறான், வாசலோடு. ஜன்னலுக்குப் போன வாரம்தான் கம்பி வைத்தார்கள்.

முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். வேறொருத்தன் வந்து கதவையே இரும்பில் போட்டுக் கொடுப்பான். அதனால் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினேன். கீல் மூன்றும் பட்டறைக்குள்ளே.

"உள்ளே இடம் அடைக்குமே?" என்றார்.

"வெளியே திறந்தா உங்க சோபாவுல இடிக்கும் சார்."

சோபா என்றதும் அடங்கிவிட்டார்.

போன் வந்து அவர் வாசலுக்குப் போனபோது அந்தம்மாவின் குத்தூசியை எடுத்தேன். கீழ்க் கீலின் ஆணிக்கு அடியில் வைத்து ஒரு தட்டு. ஆணி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அந்தம்மா எழுந்து வந்து அதைத் தன் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே இறக்கினார்.

"மூணுமா அண்ணே?"

"மூணும். கீழேருந்து மேல வாங்க. மேல் கீல் கடைசி. கதவு கனம், கழலும்போது தோள் குடுங்க."

சாயங்காலம் வீட்டுக்காரர் வரைபடத்தின் கடைசித் தாளை விரித்தார். பூட்டு வைத்த அலமாரி, கூடத்துப் பக்கம். "கத்தி, குத்தூசி, சுத்தியல் எல்லாம் இனிமே இதுல. கேட்டா எடுத்துக் குடுப்பேன். கூரான சாமான் பாருங்க, ஆபத்து."

அந்தம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

சாமான்களைப் பைக்குள் அடுக்கினேன். கீல் ஆணியைத் தட்டிக் கழற்றும் சின்னக் கம்பியும் கைச் சுத்தியலும் இல்லை. பட்டறைக்குள் பார்த்தேன். அந்தம்மா தோல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துக்கொண்டிருந்தார், தேவைக்கு மேல் உயரமாக.

"எல்லாம் எடுத்தாச்சா மேஸ்திரி?"

"எடுத்தாச்சு சார்."

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். சத்தமே வரவில்லை. எண்ணெய் போட்டது நான்தான்.

திரும்ப அவர் அதைத் திறக்கவில்லை.