பொத்தான் என்ற ஃபோல்டர்

அந்தக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் பளிச்சென்று இருந்தது. நான்கு துளைகளையும் அவற்றில் ஓடிய நூலையும்கூடப் பார்க்க முடிந்தது. மாப்பிள்ளையின் கண்கள்தான் கரைந்துபோயிருந்தன. எடுத்தவர் என் கணவர். எங்கள் ஸ்டுடியோவில் அவர் படமெடுப்பார், நான் கம்ப்யூட்டரில் திருத்துவேன்.

"ஃபோகஸ் பொத்தான்ல விழுந்திருக்குங்க" என்றேன். சொன்ன நேரம்தான் தப்பு. ஆல்பம் பார்க்கப் பெண்வீட்டார் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மவுஸ் பிடிக்கிறவங்க எல்லாம் கேமராவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் அவர்களிடம். ஐந்து பேரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா இருமும் அளவுக்குச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி இந்த மனுஷனிடம் ஃபோகஸைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒருநாள் அவரே வந்து, நீ சொன்னது சரிதான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மங்கிய படங்களை நானே கூர்மையாக்கிக் கொடுத்தேன். அது ஒன்றும் மந்திரம் இல்லை, ஏமாற்று வேலை. உருவத்தின் ஓரக்கோட்டில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கி மறுபக்கத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். கன்னத்தில் பட்டால் தோல் சொரசொரத்துவிடும் என்பதால் கண்ணுக்கும் இமைக்கும் மட்டும் செய்வேன். எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒரு எண் உண்டு. மாப்பிள்ளைக்கு நாற்பது வைத்தேன்.

அவர் எடுத்தபடியே ஒன்று, நான் திருத்தியது ஒன்று என்று ஜோடி ஜோடியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்தேன். அதற்கு 'பொத்தான்' என்று பேர் வைத்தேன். என்றைக்காவது அவர் முகத்துக்கு நேராக நீட்டத்தான்.

அவரோ வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். "ஆட்டோ ஃபோகஸ் எல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு சார். நான் கையாலதான் வைப்பேன். நம்ம படத்துல இமை முடியை எண்ணலாம்." நான் உள்ளறையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த வருடம் அந்த எண் எண்பதுக்குப் போனது. பிறகு நூற்றி இருபது. மானிட்டரில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்க்க ஆரம்பித்தார். சர்க்கரை மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, "சின்ன எழுத்தாப் போட்டுத் தொலைச்சிருக்கான், என்னன்னு பாரு" என்பார். கண்ணில் கோளாறு என்று எனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியது. வரட்டும், தானாக வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த எண் நூற்றைம்பதுக்கு மேல் போகாது. அதையும் தொட்ட வாரத்தில் ஒரு குடும்பம் படமெடுக்க வந்தது. "பெரியவரே, கொஞ்சம் தலையை நிமிர்த்துங்க" என்றார் என் கணவர். யாரும் அசையவில்லை. "உங்களைத்தான் சொல்றேன்" என்று அதட்டினார். அவர் அதட்டியது ஸ்டுடியோ விளக்கு மாட்டியிருந்த கம்பத்தை. குழந்தை மட்டும் சிரித்தது. அன்றே கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

"சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒன்பது."

"எப்போலருந்து மங்கலாத் தெரியுது?"

"போன மாசத்துலருந்துதான். அதுக்கு முன்னாடி இருந்திருந்தா படமே காட்டிக் கொடுத்திருக்குமே டாக்டர்! இத்தனை வருஷத்துல ஒரு படம் மங்கலா வந்ததில்ல. வேணும்னா இவளைக் கேளுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு" என்றேன். "படமெல்லாம் மங்கலாத்தான் வந்துச்சு. நான்தான் சரிபண்ணிக் கொடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே வந்திருந்தா லேசர்லயே நிறுத்தியிருக்கலாம்மா. இனி இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது வராது."

ஆட்டோவில் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை உள்ளறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரிபண்ணினேன்னு சொன்னியே, அதைக் காட்டு."

ஃபோல்டரைத் திறந்தேன். மாப்பிள்ளைப் படத்தின் ஜோடியை விட்டுவிட்டுக் கடைசி ஜோடியை எடுத்தேன். மோசமானது அதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த நிமிஷத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்!

அவர் திரையை ஒட்டிக் குனிந்தார். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றார். பிறகு ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "இதுதானே நீ பண்ணினது? இமையெல்லாம் எவ்வளவு தெளிவா இருக்கு. நல்லாப் பண்ணியிருக்க."

விரல் அவர் எடுத்த படத்தின் மேல் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.