விளக்கில்லா வண்டி வழக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் நாரணாபுரத்துக் கருத்தப்பாண்டியின் வண்டி பட்டாசு லோடோடு எரிந்துபோன மறுநாளிலிருந்து, அதன் இடப்பக்கம் பூட்டியிருந்த இடத்து மாட்டின் கொம்புகள் பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் கொடுக்க ஆரம்பித்தன. திருத்தங்கல் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது வண்டிக்கடியில் தொங்கிய ராந்தல் விளக்கு கொக்கி கழன்று விழுந்து, வைக்கோலைப் பிடித்து, அங்கிருந்து பெட்டிகளுக்கு ஏறியது. கருத்தப்பாண்டியும் வலத்து மாடும் அங்கேயே முடிந்துபோனார்கள். இடத்து மாடான மயிலை மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கல்யாணமாகாத அந்த மனுஷருக்கு இருந்த ஒரே உறவான தங்கச்சி பஞ்சம்மாளின் வாசலில் நின்றது. உடம்பில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை. அன்று சாயங்காலம் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதன் கொம்புகளும் எரிந்தன. நெய்விளக்கின் நிறம். சூடு கிடையாது. மாட்டு டாக்டர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, நல்ல வயசுதான், தீவனம் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஒரு சிட்டிகை வெடிமருந்தைக் கொம்பில் தூவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் விருதுநகரில் மிளகாய் வத்தல் விலை ஏறியிருந்தபடியால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

பஞ்சம்மாளின் புருஷன் ராக்கப்பனும் வண்டிக்காரர்தான். பருத்திப் பொதி ஏற்றிப் போனபோது வண்டி குடைசாய்ந்து இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரால் வண்டிப் பாரில் உட்கார்ந்து ஓட்ட முடியவில்லை. பஞ்சம்மாள் ஒரு நாள் மயிலைக்கு ஜோடியாக ஒரு செவலைக் காளையைப் பிடித்து வந்து புருஷன் வண்டியில் பூட்டினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சின்ன வயதில் அண்ணனோடு வண்டியில் போய்ப் பழகியவள், ஆகையால் மாடுகளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பொம்பளை வண்டி ஓட்டுவதைப் பார்க்க முதல் வாரம் ரோட்டோரம் ஆட்கள் நின்றார்கள். இரண்டாவது வாரம் அவர்களுக்கும் வேலை இருந்தது. பட்டாசை வெயிலில் ஏற்றிப் போகக் கூடாது என்பதால் லோடு எல்லாம் இருட்டிய பிறகுதான் நாரணாபுரத்தில் கிளம்பும். விடிவதற்குள் விருதுநகர்க் கிட்டங்கியில் இறங்க வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் அடியில் ராந்தலைக் கட்டிக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பஞ்சம்மாள் மயிலையின் வெளிச்சத்தில் போய்வந்தாள். ரோட்டில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐம்பத்தாறில் தீபாவளி சீசன் சூடுபிடித்த சமயம், வழியிலிருந்த ஒரு ஸ்டேஷனுக்கு ஊர்க்காவலன் என்ற ஏட்டு மாற்றலாகி வந்தார். காசுக்குக் கை நீட்டாத மனிதர். சட்டத்தில் இருப்பதை இருக்கிறபடி செய்கிறவர். வந்த மறுநாளே ரோட்டில் நின்று வண்டியை மறித்தார்.

“ராந்தல் எங்கம்மா?”

“அந்தா எரியுதுல்லா” என்று பஞ்சம்மாள் கொம்பைக் காட்டினாள்.

“அது மாடு. நான் கேக்கது விளக்கு.”

“கண்ணவிஞ்ச மனுசருக்கு எம்புட்டு வெளிச்சம் இருந்தாத்தான் என்ன?”

அது வாயிலிருந்து வந்துவிட்டது. ஏட்டையா கோபப்படவில்லை. விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதற்கு ஒன்று, கடமையிலிருந்த காவலரை அவமதித்துப் பேசியதற்கு ஒன்று என்று இரண்டு குற்றங்களைச் சொல்லி, அவளை வண்டியோடு ஸ்டேஷனுக்கு ஓட்டிவரச் சொன்னார். லோடு என்ன என்று தெரிந்ததும் ஸ்டேஷனில் எல்லாருடைய பீடியையும் அணைக்கச் சொன்னார். உள்ளே எரிந்த அரிக்கேன் விளக்கையும் அவரே ஊதி அணைத்தார். ஆகவே அன்று ஸ்டேஷனுக்கு மயிலையின் கொம்புகளைத் தவிர வேறு வெளிச்சம் இருக்கவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் ஏட்டையா வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டார். பஞ்சம்மாளுக்கும் ஒரு கை கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். விடிந்ததும், இன்ன தேதியில் விருதுநகர்க் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி வண்டியை விட்டார்கள். லோடு அன்று பிந்தித்தான் இறங்கியது. கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை.

விளக்கு வழக்கு என்பது அந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்குச் சளி பிடிப்பதுபோல. வழியில் ராந்தல் அணைந்துபோனாலே வழக்குதான்; எல்லாருக்கும் வரும், போகும். கோர்ட்டில் பேர் கூப்பிட்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘தப்புதான் எசமான்’ என்று சொன்னால், வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படிச் சொல்வதில் ராக்கப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. குரலை எந்த இடத்தில் இறக்க வேண்டும், முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வழக்கு வந்தவர்கள் அவரிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இப்போது பொண்டாட்டிக்கே வந்துவிட்டது. அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்.

பஞ்சம்மாள் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு மறுநாள் விருதுநகருக்குப் போய் வக்கீல் சங்கரபாண்டியனைப் பார்த்தாள். அவர் பெரிய வக்கீல் இல்லை. ஆனால் இல்லாததைச் சொல்லாதவர். ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடியும் என்றார். மறுத்தால் வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு லோடு போகும், தோற்றால் அபராதத்துக்கு மேலே ஜெயில்கூடக் கிடைக்கும் என்றார். “இன்னொண்ணும் இருக்கு. இப்ப ஒத்துக்கிட்டா, கொம்பு விளக்கு இல்லன்னு நீயே சொன்னதா ஆயிரும். அப்புறம் ராந்தல் கட்டாம ரோட்டுல ஏற முடியாது. யோசிச்சு வா.”

அவள் வீடு திரும்பியபோது ராக்கப்பன் புது ராந்தல் ஒன்றை வாங்கி, பளபளவென்று துடைத்து, வண்டிக்கடியில் கட்டியிருந்தார். அவருடைய எண்ணம் நல்ல எண்ணம்தான். கோர்ட்டில் தப்பு என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து இதோடு போனால் யாரும் எதுவும் கேட்க முடியாது. திரியை ஏற்றியும் காட்டினார். மயிலை எப்போதும்போல நின்றது, கண்ணாடியும் திரியும் நன்றாகத்தான் இருந்தன. பஞ்சம்மாள் மட்டும் வண்டியை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டாள். இதோடு பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு இரவும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குக் கோர்ட்டு, ஜெயில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

“ஊரோட ஒத்துப் போவோம் பஞ்சம்மா. எல்லாரும் சொல்லுததுதான. ஒரு வார்த்தை” என்றார் ராக்கப்பன்.

“எங்க அண்ணன் விளக்கோடதான் போனாரு” என்றாள் பஞ்சம்மாள்.

ராக்கப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், திரியை இறக்கி அணைத்தார். கயிற்றை அவிழ்த்து ராந்தலை உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். வெளியே வந்து, “அப்ப கோர்ட்டுக்கு நானும் வாரேன். நான் அம்புட்டுத் தடவை குனிஞ்ச எடம். நீ நிமிந்து நிக்கதப் பாக்கணும்” என்றார்.

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். செய்ததை ஒப்புக்கொள்வது, செய்யாததை ஒப்புக்கொள்வதில்லை. இதைப் போய்ச் சொன்னபோது வக்கீல் சங்கரபாண்டியன், சட்டப் புத்தகமெல்லாம் சேர்த்தாலும் கடைசியில் அவ்வளவுதான் வரும் என்றார்.

கோர்ட்டில் அன்று ஏழெட்டு வண்டிக்காரர்கள் வரிசையாக நின்று தப்புதான், தப்புதான் என்று சொல்லிப் போனார்கள். கிளார்க் பேர் கூப்பிடும்போதே ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிவிடுவது வழக்கம். பஞ்சம்மாள் பேருக்கும் எழுதிவிட்டார்.

“முதல் குத்தம் இல்லைங்கய்யா. ரெண்டாவது நெசம். கண்ணவிஞ்ச மனுசர்னு சொன்னேன். அது தப்புத்தான்” என்றாள் அவள்.

கிளார்க் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து விளக்கு வழக்கில் இல்லை என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதியதை அடிக்கச் சொன்னார். பிறகு சாட்சிக்கு வாய்தா போட்டு, மாட்டையும் கூட்டிவர வேண்டும் என்றார்.

அந்த வாய்தா பொங்கல் கழித்துத்தான் வந்தது. மயிலையைக் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். நடுப்பகல் என்பதால் கொம்புகள் மற்ற மாட்டுக் கொம்புகளைப் போலவே இருந்தன. பார்க்க வந்த கூட்டம் கடலை வாங்கித் தின்றுகொண்டு நின்றது. ஏட்டு ஊர்க்காவலன் கூண்டில் ஏறி, வண்டியில் ராந்தல் இல்லை என்று சொன்னார். அது உண்மை. வக்கீல் சங்கரபாண்டியன் எழுந்து, கட்சிக்காரரே கேட்பார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சம்மாள் கேட்டாள்: “ஏட்டையா, அன்னைக்கு ஸ்டேசன்ல என்ன சாப்பிட்டீக?”

“சோறும் மீன் குழம்பும்.”

“என்ன மீனு?”

“கண்மாய்க் கெண்டை.”

“கெண்டையில முள்ளு எம்புட்டு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். தொண்டையில ஒண்ணு குத்துச்சா?”

“இல்லை.”

“எந்த வெளிச்சத்துல முள்ளெடுத்தீக?”

ஊர்க்காவலன் கை நீட்டாதவர் என்பதோடு பொய்யும் சொல்லாதவர். மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று, “மாட்டு வெளிச்சத்தில்தான் ஐயா. நல்ல வெளிச்சம்” என்றார். கூட்டம் சிரித்தது. ஏட்டையாவும் சிரித்துவிட்டார். அவர் அந்த உத்தியோகத்தில் சிரித்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அரசாங்கத் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் விடவில்லை. விளக்கு என்றால் மனிதன் ஏற்றுவது. எண்ணெயும் திரியும் உள்ளது. கொம்பு அந்தக் கணக்கில் வராது என்றார். மாஜிஸ்திரேட் சட்டத்தை எடுத்து மறுபடி வாசித்தார். இருட்டில் எதிரே வருகிறவருக்குத் தெரியும்படி வண்டியில் விளக்கு இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எண்ணெய் என்று எங்கேயும் இல்லை. மனிதன் என்றும் இல்லை. எதற்காக ராந்தலைக் கட்ட மறுக்கிறாய் என்று அவர் பஞ்சம்மாளைக் கேட்டார். அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அழாமல் சொன்னாள். எந்த வளைவு, எந்தப் பள்ளம், அங்கே போய்ப் பார்த்தபோது என்ன மிச்சமிருந்தது என்பதை, கேட்ட கேள்விக்குப் பதிலாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராக்கப்பன் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் காத்திருந்த வண்டிக்காரர்கள் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

மாஜிஸ்திரேட் மற்ற வழக்குகளையெல்லாம் முடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கோர்ட் கலைகிற நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். கிளார்க் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது மில் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கியதும் மாஜிஸ்திரேட் படியிறங்கி வேப்பமரத்துக்கு வந்தார். கோர்ட்டே அவர் பின்னால் வந்தது. மயிலை வைக்கோலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. முதலில் கொம்பு நுனியில் ஒரு துளி, பிறகு அடிவரைக்கும், வழக்கம்போல, அவசரமில்லாமல் வெளிச்சம் இறங்கியது. மரத்திலிருந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கத்தின. மாஜிஸ்திரேட் ரோடுவரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்தும் தெரிந்தது.

“விளக்கு இருக்கிறது” என்றார். கிளார்க் அதை மாட்டு வெளிச்சத்திலேயே நின்று எழுதினார். முதல் குற்றத்துக்கு விடுதலை. இரண்டாவதை அவளே ஒப்புக்கொண்டபடியால், கோர்ட் கலையும்வரை நிற்க வேண்டும் என்று தண்டனை. பஞ்சம்மாள் மரத்தடியிலேயே முதுகை நிமிர்த்தி நின்றாள். கிளார்க் மை உலர ஊதி, மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு, கோர்ட் கலைந்தது. அவள் தன் வாழ்நாளில் அனுபவித்த தண்டனை அவ்வளவுதான். ஏட்டு ஊர்க்காவலனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, அன்று பேசியதை மனசில் வைக்க வேண்டாம் என்றாள். “அன்னைக்குச் சாப்பிடச் சொன்னேன், சாப்பிடாமப் போனீகளே, அதத்தான் நான் மனசுல வச்சிருக்கேன்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பட்டாசு லோடு வண்டிகள் எதுவும் ராந்தல் கட்டிப் போகவில்லை. நாரணாபுரத்து வண்டிகளும் விஸ்வநத்தத்து வண்டிகளும் வழியில் காத்திருந்து, பஞ்சம்மாளின் வண்டிக்குப் பின்னால் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும்; தூரத்திலிருந்து பார்த்தால் முன்னால் ஒரு வெளிச்சமும் பின்னால் நீளமாக இருட்டும் நகர்ந்து போகும். அந்த ரோட்டில் வேறு வண்டி எரியவில்லை. ஏட்டு ஊர்க்காவலன் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். வக்கீல் சங்கரபாண்டியனுக்கு மாட்டு வழக்குகள் நிறைய வந்தன. அறுபதுகளில் கம்பெனி லாரி வாங்கியது. பஞ்சம்மாள் வண்டியை விற்றாள், மயிலையை விற்கவில்லை. அது தொழுவில் நின்று தின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்தில் தெருப் பெண்கள் தீப்பெட்டி ஒட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அறுபத்துநாலில் அந்தத் தெருவுக்கு மின்சாரம் வந்தது. கம்பி இழுக்க வந்தவர் வீடு வீடாக எத்தனை விளக்கு என்று கேட்டு வந்தார். ராக்கப்பன் வாசலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்றார்.

“தொழுவுக்கு?”

“அங்கன மாடு நிக்கி” என்றாள் பஞ்சம்மாள்.

வந்தவர் எட்டிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.