எட்மண்ட் வீட்டு மதில்

எட்மண்டுக்குக் கௌரவமே அந்த மதில்தான். ஆவடித் தொழிற்சாலையில் அளவு சோதிக்கும் பிரிவில் சார்ஜ்மேன். நெமிலிச்சேரியில் வீடு கட்டியதும், பெரிய அதிகாரியின் பங்களா மதிலில் படர்ந்திருந்த கொடியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து நட்டார். அதிகாரியின் அந்தஸ்து வந்ததோ இல்லையோ, கொடி வந்தது. சில வருடங்களில் மதிலையும் மூடி, கேட்டையும் மூடிவிட்டது. தபால்காரர் குரல் கொடுத்துத்தான் வாசலைக் கண்டுபிடிப்பார்.

மகள் ஜெயகுமாரியைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து ஆரோக்கியசாமி குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. முன்பு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன.

"ஊடா காடான்னே தெர்ல. கேட்டாண்ட மட்டும் கொஞ்சம் கழிச்சு உடுங்க" என்றாள் மனைவி ஹில்டா.

சனிக்கிழமை எட்மண்ட் கத்தரியை எடுத்தார். மயிரிழை பிசகினாலும் பொருளை ஒதுக்கித் தள்ளிப் பழகிய கை அது. கேட்டுக்கு இடப்பக்கம் கழித்தார். வலப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதைக் கழித்தார். இப்போது இடப்பக்கம் தூக்கல். நூல் வந்தது, ரசமட்டம் வந்தது, ஏணி வந்தது. சாயங்காலம் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஆகிவிட்டன. இரண்டிலும் ஓர் இலைகூட இல்லை.

"வேளாங்கண்ணி போய் வந்த தலை மாதிரி கீது" என்றாள் ஹில்டா.

வேர் பிடித்த தடங்களை மறைக்க, விளக்கு வைப்பதற்குள் வெள்ளையும் அடித்து முடித்தார்.

அது தேர்தல் நேரம். தெருவில் எல்லாச் சுவர்களையும் கட்சிக்காரர்கள் பிடித்திருந்தார்கள். தன் மதிலை மட்டும் விட்டுவைத்தது தன்மேல் இருந்த மரியாதையால் என்று எட்மண்ட் நம்பியிருந்தார். அந்த மரியாதை கொடிக்கு என்பது, மறுநாள் பூசை முடிந்து திரும்பியபோதுதான் உறைத்தது. மதில் நெடுக மண்வெட்டிச் சின்னம், பச்சையும் சிவப்புமாக. போதாததற்கு வேட்பாளர் பெயர் வேறு. மண்வெட்டிக் கட்சிக்காரர்களை 'ரவுடிப் பசங்க' என்று தெருவே கேட்கத் திட்டுகிறவர் அவர்.

"அவுங்க வர்றதுக்குள்ள அழிச்சிர்றேன்" என்று சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாக ஓடினார்.

பிரஷ்ஷை நனைத்திருப்பார், வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய ஆரோக்கியசாமி கரைவேட்டி கட்டியிருந்தார். கரையில் அதே பச்சை, அதே சிவப்பு. மதிலைப் பார்த்தார். பிரஷ்ஷோடு நின்ற எட்மண்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்களே எழுதுறீங்களா சம்மந்தி?"

ஜன்னலில் ஜெயகுமாரியின் முகம் தெரிந்தது. எட்மண்ட் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

"ஆமாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்தே நாங்க மண்வெட்டிதான்."

கட்சி தொடங்கியே ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டு காப்பி போட ஓடினாள்.

காப்பி ஆறுவதற்குள் கல்யாணம் முடிவானது. புறப்படும்போது ஆரோக்கியசாமி மதிலைத் தட்டிக் கொடுத்தார்.

"மறுபடி செடி கிடி ஏத்திடாதீங்க சம்மந்தி. அடுத்த எலெக்ஷனுக்கும் இது நமக்கு வேணும்."

"உங்க செவுருங்க" என்றார் எட்மண்ட். பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தபோதுகூட அவர் குரல் அப்படித் தழுதழுக்கவில்லை.